பாதி சீசன் பட்டியல்: முதலிடத்தில் இருப்பவர்தான் கெட்டிக்காரரா?

மே மாத லீவுக்கு முத்தியால்பேட்டையிலிருந்து வந்த அக்கா மகன், எங்கள் மஞ்சக்குப்பம் வீட்டில் பையை இறக்கிவைத்த கையோடு மேசையில் கிடந்த நோட்டைப் புரட்டினான். ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்துவிட்டு, "மாமா, எங்க ஊர் டீம்தான் ஃபர்ஸ்ட்டு. கப்பு எங்களுக்குத்தான். உங்க டீம் கடைசி!" என்றான்.

அது நான் தனியாக ஆடிவரும் மேசை பேஸ்பால் லீகின் கணக்கு நோட்டு. ஆறு அணிகள். கடலூர்ப் பக்கம் மஞ்சக்குப்பம், முதுநகர், தேவனாம்பட்டினம். புதுச்சேரிப் பக்கம் முத்தியால்பேட்டை, வில்லியனூர், பாகூர். அணிக்கு 60 ஆட்டம். ஜனவரியில் தொடங்கியது, இப்போது சரியாகப் பாதி வந்திருக்கிறது.

பையன் சொன்னதில் இரண்டு தவறுகள் இருந்தன. முதலிடத்தில் இருக்கும் அணிதான் சிறந்த அணி என்பது ஒன்று. பாதியில் முதலிடம் என்றால் முடிவிலும் முதலிடம் என்பது இன்னொன்று. அவனைக் குறை சொல்ல முடியாது. ஐபிஎல் நடக்கும் இரண்டு மாதமும் டீக்கடையில் பெரியவர்களே இதைத்தான் பேசுகிறார்கள். அன்று சாயந்திரம் அவனுக்குச் சொன்னதைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன். பேஸ்பால் தெரிந்திருக்க வேண்டியதில்லை, தாயம் ஆடியிருந்தால் போதும்.

இரண்டு பகடை, ஒரு அட்டை

பேஸ்பாலில் ஒருவர் பந்தை வீசுவார், ஒருவர் அடிப்பார். அடித்தவர் நான்கு முனைகளையும் சுற்றி வந்தால் ஒரு ரன். மூன்று பேர் அவுட் ஆனால் அந்த அணியின் முறை முடியும், அடுத்த அணி அடிக்க வரும். இரண்டு அணிகளும் ஒருமுறை அடித்து முடிப்பது ஒரு இன்னிங்ஸ். ஒன்பது இன்னிங்ஸ் சேர்ந்தது ஒரு ஆட்டம். ஒன்பது முடிந்தும் சமமாக இருந்தால் ஒருவர் ஜெயிக்கும் வரை நீட்டிப்பார்கள். இப்போதைக்கு இது போதும்.

இதை மேசைமேல் ஆடும் வழக்கம் அமெரிக்காவில் பழையது. பென்சில்வேனியாவின் லங்காஸ்டரில் ரிச்சர்ட் சைட்ஸ் என்பவர் 1951-ல் 'ஆப்பா' என்ற ஆட்டத்தை விற்கத் தொடங்கினார். 1961-ல் ஹால் ரிச்மன் 'ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக்' கொண்டுவந்தார். நிஜ வீரர் போன வருஷம் எப்படி ஆடினாரோ அந்தக் கணக்கை ஒரு அட்டையில் இறக்கிவிடுவார்கள், மிச்சத்தைப் பகடை பார்த்துக்கொள்ளும். எழுத்தாளர் ஜாக் கெரோவாக்கூடச் சின்ன வயதிலிருந்தே கற்பனை அணிகளை வைத்து இப்படி ஒரு லீகைத் தனியாக நடத்திக்கொண்டிருந்தவர்தான். ஆக, இந்தக் கிறுக்கு எனக்கு மட்டும் பிடித்ததல்ல.

என்னுடையது வீட்டுத் தயாரிப்பு. பழைய கல்யாணப் பத்திரிகைகளை நறுக்கி, எழுத்தில்லாத பக்கத்தில் வீரர்களை எழுதியிருக்கிறேன். லூடோ டப்பாவிலிருந்து எடுத்த பகடை இரண்டு, ஒன்று சிவப்பு, ஒன்று வெள்ளை. சிவப்பு பத்தாம் இடம், வெள்ளை ஒன்றாம் இடம். சிவப்பில் 3, வெள்ளையில் 5 விழுந்தால் 35. இப்படி 11 முதல் 66 வரை 36 எண்கள் கிடைக்கும், ஒவ்வொன்றுக்கும் சம வாய்ப்பு. அட்டையில் 36 எண்களுக்கும் எதிரே என்ன நடக்கும் என்று எழுதியிருக்கும். சுமாரான ஒரு பேட்டருக்கு 12 எண்களில் முனைக்குப் போக வழி, 24 எண்களில் அவுட். நல்ல பேட்டர் என்றால் 14. வீசுகிறவர் கெட்டிக்காரராக இருந்தால் அதில் ஒன்றிரண்டு எண்கள் அவுட்டாக மாறிவிடும். எவர்சில்வர் தட்டில் உருட்டினால் ராத்திரி பத்து மணிக்கு வீட்டில் திட்டு விழுகிறது என்பதால் துண்டை விரித்து உருட்டுகிறேன்.

கவனிக்க வேண்டிய விஷயம், அட்டை மாறுவதே இல்லை. என் வீரர்களுக்குத் தசைப்பிடிப்பு வராது, கேப்டனோடு சண்டை வராது, 'ஃபார்ம்' போகாது. ஜனவரியில் 14 எண் வைத்திருந்தவருக்கு மே மாதத்திலும் 14 எண்தான். நிஜ ஆட்டத்தில் திறமையையும் அதிர்ஷ்டத்தையும் பிரிப்பது பாலிலிருந்து தண்ணீரைப் பிரிப்பது மாதிரி. இங்கே திறமை அட்டையில் மையால் எழுதப்பட்டிருக்கிறது. அதற்கு மேலே நடப்பதெல்லாம் பகடையின் வேலை.

நோட்டில் இருந்த பட்டியல்

30 ஆட்டம் முடிந்தபோது நிலவரம் இதுதான்:

முத்தியால்பேட்டை: 19 வெற்றி, 11 தோல்வி
தேவனாம்பட்டினம்: 18 வெற்றி, 12 தோல்வி
வில்லியனூர்: 16 வெற்றி, 14 தோல்வி
முதுநகர்: 14 வெற்றி, 16 தோல்வி
பாகூர்: 12 வெற்றி, 18 தோல்வி
மஞ்சக்குப்பம்: 11 வெற்றி, 19 தோல்வி

கிரிக்கெட்டில் ஜெயித்தால் 2 புள்ளி, மழையில் போனால் ஆளுக்கு 1 என்று கொடுப்பார்கள். பேஸ்பாலில் புள்ளியே கிடையாது. அதற்குப் பதில் இரண்டு அளவுகோல்கள் உண்டு.

முதலாவது வெற்றி விகிதம். ஜெயித்த ஆட்டங்களை ஆடிய ஆட்டங்களால் வகுத்து மூன்று தசம இடம் வரை எழுதுவது. முத்தியால்பேட்டைக்கு 19-ஐ 30-ஆல் வகுத்தால் .633 வருகிறது. பாதிக்குப் பாதி ஜெயித்த அணிக்கு .500.

இரண்டாவதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். ஒரு அணி முதலிடத்திலிருந்து எத்தனை ஆட்டம் பின்தங்கியிருக்கிறது என்பது அது. ஆட்டப் பின்னடைவு என்று வைத்துக்கொள்வோம். முன்னால் இருக்கும் அணி எத்தனை வெற்றி அதிகம் பெற்றிருக்கிறது, பின்னால் இருக்கும் அணி எத்தனை தோல்வி அதிகம் வாங்கியிருக்கிறது, இரண்டையும் கூட்டிப் பாதியாக்க வேண்டும். முதுநகருக்கு 5 வெற்றி குறைவு, 5 தோல்வி அதிகம். கூட்டினால் 10, பாதி 5. ஆக முதுநகர் 5 ஆட்டம் பின்னால். மஞ்சக்குப்பம் 8 ஆட்டம் பின்னால்.

ஏன் பாதியாக்க வேண்டும்? இரண்டு அணிகளும் நேருக்கு நேர் மோதினால் ஒருவருக்கு வெற்றி ஒன்று ஏறும், மற்றவருக்குத் தோல்வி ஒன்று ஏறும். கூட்டுத்தொகை 2 நகரும். ஆனால் நடந்தது ஒரே ஒரு ஆட்டம்தானே? அதனால் பாதி. ஒரு அணி மட்டும் ஆடி மற்றது சும்மா இருந்தால் இடைவெளி அரை ஆட்டம் நகரும். தேவனாம்பட்டினத்தின் 30-ஆவது ஆட்டத்தை நான் ஒரு நாள் தள்ளிப்போட்டேன். அப்போது அது 18-11, முத்தியால்பேட்டை 19-11. பின்னடைவு அரை. அரை ஆட்டம் என்று யாரும் ஆடுவதில்லை. ஒருவர் ஆடி முடித்துவிட்டார், இன்னொருவருக்கு பாக்கி இருக்கிறது என்று அர்த்தம்.

அணிகள் ஆடிய ஆட்டங்கள் முன்பின்னாக இருந்தாலும் இந்த இரண்டு அளவுகளும் பொருந்தும், புள்ளிக்கணக்கு பொருந்தாது. இதுவரை நடந்ததை மட்டும்தான் இவை சொல்கின்றன என்பதையும் மறக்கக் கூடாது.

பூவா தலையா சீசன்

பையனுக்கு நம்பிக்கை வரவில்லை. "19 ஜெயிச்சிருக்காங்க மாமா, சும்மாவா?" என்றான். சரி என்று ஒரு ரூபாய்க் காசை அவன் கையில் கொடுத்தேன்.

ஆறு அணிகளும் அச்சாக ஒரே பலம் என்று வைத்துக்கொள்வோம். அப்போது ஒவ்வொரு ஆட்டமும் பூவா தலையாதான். 90 முறை சுண்டினால் பாதி சீசன் முடிந்துவிடும், ஏனென்றால் ஒரு ஆட்டத்தில் இரண்டு அணிகள். அவன் சுண்டினான், நான் எழுதினேன். இருபது நிமிஷத்தில் வேலை முடிந்தது. முதல் அணிக்கு 18 வெற்றி, அடுத்து 17, 16, 14, 13, கடைசிக்கு 12.

அவன் முகம் மாறிவிட்டது. எந்தத் திறமை வித்தியாசமும் இல்லாத ஆறு அணிகள், ஆனாலும் முதலிடம், கடைசியிடம், நடுவே போட்டி எல்லாம் இருக்கும் ஒரு பட்டியல். இதை ஒரு பத்திரிகையில் போட்டிருந்தால் '12 வெற்றி அணிக்கு என்ன ஆச்சு?' என்று அரைப்பக்கம் எழுதியிருப்பார்கள்.

கணக்கும் இதைத்தான் சொல்கிறது. காசை 30 முறை சுண்டினால் ஐந்தில் நான்கு தடவைதான் தலை 12-க்கும் 18-க்கும் இடையே நிற்கும். ஒரு தடவை அதற்கு வெளியே போய்விடும். ஆறு சம அணிகள் இருந்தால், அவற்றில் ஒன்றாவது 19 அல்லது அதற்கு மேல் எட்டுவது ஏறக்குறைய இரண்டு சீசனுக்கு ஒருமுறை நடக்கும். அதாவது என் நோட்டில் இருந்த 19-11, காசு சுண்டியே கிடைத்திருக்கக்கூடிய எண்தான்.

முத்தியால்பேட்டை மோசமான அணி என்று நான் சொல்ல வரவில்லை. 19 வெற்றியை மட்டும் வைத்து நல்ல அணி என்றும் சொல்ல முடியாது. வேறு சாட்சி வேண்டும்.

ரன் என்ற சாட்சி

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்போம். சோற்றுக்கு அது சரி, ஏனென்றால் பானை முழுக்க ஒரே தண்ணீரில் வெந்த அரிசி. பேஸ்பால் ஆட்டங்கள் அப்படி வேகுவதில்லை. ஒன்று குழையும், ஒன்று நறுக்கென்று நிற்கும். நிறைய எடுத்துப் பார்த்தால்தான் பதம் தெரியும். 30 ஆட்டத்தில் வெற்றி தோல்வி என்று பார்த்தால் கிடைப்பது 30 பருக்கைதான். ஆனால் ஒரு ஆட்டத்தில் ஒரு அணிக்குச் சராசரியாக 38 முறை பகடை உருள்கிறது. அடித்தது, அடிக்கவிட்டது இரண்டையும் சேர்த்தால் 30 ஆட்டத்தில் ஒரு அணியைப் பற்றி இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட உருட்டல்கள். அத்தனையின் சாறும் ரன் கணக்கில் இறங்கியிருக்கிறது.

அடித்த ரன்னிலிருந்து கொடுத்த ரன்னைக் கழித்தால் வருவது ரன் வித்தியாசம். நோட்டில் அடுத்த பக்கத்தைத் திருப்பினேன். முத்தியால்பேட்டை அடித்தது 131, கொடுத்தது 127. வித்தியாசம் வெறும் 4. தேவனாம்பட்டினம் 152-118, அதாவது 34. நான்காம் இடத்தில் தோல்விகள் அதிகமாக உட்கார்ந்திருக்கும் முதுநகர் 144-121. வித்தியாசம் 23!

இது எப்படி? ஒரு ரன்னில் முடிந்த ஆட்டங்களைத் தனியாக எண்ணினேன். முத்தியால்பேட்டை அவற்றில் 9 ஜெயித்து 2 தோற்றிருக்கிறது. முதுநகர் 2 ஜெயித்து 8 தோற்றிருக்கிறது.

அந்த எட்டில் ஒன்று எனக்கு இன்னும் மனசில் நிற்கிறது. ஏப்ரலில் ஒரு ராத்திரி, கரண்ட் போய் எமர்ஜென்சி விளக்கு வெளிச்சத்தில் ஆடியது. ஒன்பதாவது இன்னிங்ஸ், முதுநகர் 2, எதிரணி 3. இரண்டு பேர் அவுட், மூன்று முனைகளிலும் முதுநகர் ஆட்கள். உருட்டினேன். சிவப்பு 3. வெள்ளை துண்டின் மடிப்பில் ஒரு சுற்றுச் சுற்றி 5-ல் நின்றது. 35: உயரே அடித்துக் கேட்ச். ஆட்டம் முடிந்தது. அட்டையில் அடுத்த வரி 36: இரண்டு முனை தாண்டும் அடி. ஒரு புள்ளி தள்ளி விழுந்திருந்தால் இரண்டு ரன், வெற்றி. பட்டியலில் அது முழுத் தோல்வி. ரன் கணக்கில் அதே ஆட்டம் ஒரே ஒரு ரன் குறைவு, அவ்வளவுதான்.

ரன்னிலிருந்து வெற்றியை மதிப்பிட பில் ஜேம்ஸ் என்ற அமெரிக்கப் பேஸ்பால் கணக்காளர் ஒரு சூத்திரம் தந்தார். அடித்த ரன்னின் வர்க்கத்தை, அடித்த ரன்னின் வர்க்கமும் கொடுத்த ரன்னின் வர்க்கமும் கூட்டிய தொகையால் வகுக்க வேண்டும். பள்ளிக்கூடத்துப் பிதாகரஸ் தேற்றம் மாதிரி வர்க்கங்களைக் கூட்டுவதால் சூத்திரத்துக்குப் பிதாகரஸ் பெயரையே வைத்துவிட்டார். முக்கோணத்துக்கும் இதற்கும் வேறு சம்பந்தமில்லை. வருகிற விடையை எதிர்பார்ப்பு விகிதம் என்று சொல்லலாம்.

முதுநகருக்குப் போட்டுப் பார்ப்போம். 144-இன் வர்க்கம் 20,736. 121-இன் வர்க்கம் 14,641. கூட்டினால் 35,377. வகுத்தால் .586. 30 ஆட்டத்துக்கு 17.6 வெற்றி. கையில் இருப்பது 14. முத்தியால்பேட்டைக்கு அதே கணக்கு 15.5 என்று வருகிறது, கையில் இருப்பது 19. தேவனாம்பட்டினத்துக்கு 18.7, கையில் 18. அது மட்டும்தான் தன் தகுதிக்கு ஏற்ற இடத்தில் நிற்கிறது.

எனக்கு இதில் ஒரு வசதி உண்டு. சந்தேகம் வந்தால் அட்டைகளையே எடுத்துக் கூட்டிப் பார்த்துவிடலாம். பார்த்தேன். முதுநகரின் பேட்டர்கள் உண்மையிலேயே முத்தியால்பேட்டையைவிடக் கொஞ்சம் தேவலை. ரன் சாட்சி பொய் சொல்லவில்லை.

"இனிமே விழுந்தே ஆகணும்"

இங்கேதான் பையன் அடுத்த பள்ளத்தில் விழுந்தான். "அப்போ முதுநகர் இனிமே நிறைய ஜெயிச்சுக் கணக்கை நேர் பண்ணிடும், இல்ல மாமா?"

என் ஆயா தாயம் ஆடும்போது இதையேதான் சொல்லும். காய் இறங்கத் தாயம் விழ வேண்டும், பத்து முறை உருட்டியும் விழவில்லை என்றால், "இவ்ளோ நேரம் விழல, இப்ப விழுந்தே ஆகணும்" என்று கட்டையைக் கையில் தேய்த்துக்கொண்டு போடும். விழுந்தால் 'சொன்னேன் பாத்தியா' என்று சிரிக்கும். விழாவிட்டால் பேச்சே வராது. கட்டைக்கு எதுவும் ஞாபகம் இருக்காது. அது கடன் வைப்பதுமில்லை, தீர்ப்பதுமில்லை.

முதுநகர் இழந்த வெற்றிகளைப் பகடை திருப்பித் தராது. மீதி 30 ஆட்டத்தில் அது தன் பலத்துக்கு ஏற்ப ஆடும், சுமார் 17 அல்லது 18 வெற்றி. முத்தியால்பேட்டையும் தன் பலத்துக்கு ஏற்ப ஆடும், 15 அல்லது 16. அதிர்ஷ்டம் உச்சத்தில் இருந்த அணி நடுவை நோக்கி இறங்குவதும், அடிபட்ட அணி நடுவை நோக்கி ஏறுவதும் இப்படித்தான். புள்ளியியலில் இதற்குச் சராசரிக்குத் திரும்புதல் என்று பெயர். அதிர்ஷ்டம் தலைகீழாவதில்லை, நின்றுபோகிறது, அவ்வளவே.

இதில் இன்னொரு பாதியும் இருக்கிறது, புத்திசாலிகள்கூட அதை விட்டுவிடுகிறார்கள். அதிர்ஷ்டத்தில் வந்த வெற்றியும் வெற்றிதான். பையில் விழுந்த காசு, யாரும் எடுக்க முடியாது. கூட்டிப் பாருங்கள்: முத்தியால்பேட்டை 19-உடன் 15.5 சேர்ந்து 34.5. முதுநகர் 14-உடன் 17.6 சேர்ந்து 31.6. பலமான அணி முதுநகர்தான், ஆனாலும் முடிவில் அது பின்னாலேயே நிற்கக் கூடும். 5 ஆட்ட இடைவெளி 3-க்குச் சுருங்கும், மூடாது. கோப்பைக்குப் பந்தயம் கட்டச் சொன்னால் நான் தேவனாம்பட்டினத்தின் மேல் கட்டுவேன். 18-உடன் 18.7, கிட்டத்தட்ட 37. எல்லாவற்றுக்கும் மேலும் கீழும் மூன்று ஆட்டம் விட்டுத்தான் சொல்கிறேன். பையன் ஆசைப்படலாம், தப்பில்லை. சத்தியம்தான் செய்யக் கூடாது.

சுருக்கமாக: யார் முன்னால் என்பதற்கு வெற்றி தோல்வி, யார் பலம் என்பதற்கு ரன் வித்தியாசம், யார் ஜெயிப்பார் என்பதற்கு இரண்டும் சேர்ந்து, கூடவே மிச்சம் எத்தனை ஆட்டம் என்பதும்.

நிஜ மைதானத்தில்

அமெரிக்க மேஜர் லீகில் 30 அணிகள், அணிக்கு 162 ஆட்டம். அவ்வளவு ஆடுவதால் அதிர்ஷ்டம் கொஞ்சம் அடங்கும். ஆனால் பேஸ்பாலில் பலசாலிக்கும் நோஞ்சானுக்கும் உள்ள தூரமே குறைவு. ஒரு சீசனில் அதிகபட்ச வெற்றி 116தான். 1906-ல் சிகாகோ கப்ஸ், 2001-ல் சியாட்டில் மரைனர்ஸ். அந்த மரைனர்ஸும் 46 ஆட்டம் தோற்றது, இறுதிப் போட்டிக்கே போகவில்லை.

ஜூலை நடுவில் நட்சத்திர ஆட்டத்துக்காகச் சில நாள் இடைவெளி விடுவார்கள், அதைத்தான் 'பாதி சீசன்' என்பார்கள். உண்மையில் அதற்குள் 90-க்கும் மேல் ஆடி முடித்திருப்பார்கள்!

கடைசியிலிருந்து மேலே வந்த கதைகளும் உண்டு. 1914 ஜூலை 4 அன்று பாஸ்டன் பிரேவ்ஸ் எட்டு அணிகளில் எட்டாவது, 15 ஆட்டம் பின்னால். சீசன் முடிந்தபோது அவர்கள் பத்தரை ஆட்டம் முன்னால் இருந்தார்கள். இறுதிப் போட்டியான உலகத் தொடரையும் 4-0 என்று வாரிக்கொண்டு போனார்கள். 2019-ல் வாஷிங்டன் நேஷனல்ஸ் முதல் 50 ஆட்டத்தில் 19 ஜெயித்து 31 தோற்ற அணி, அந்த வருஷக் கோப்பை அதற்குத்தான். ஆனால் நிஜ அணி நடுவில் ஆளை மாற்றும், காயம் ஆறும், புதுப் பையன் வருவான். இரண்டாம் பாதியில் ஆடுவது வேறு அணியாகவே இருக்கலாம். என் கல்யாணப் பத்திரிகை வீரர்களுக்கு அந்த வசதி இல்லை. மஞ்சக்குப்பத்தின் ரன் கணக்கு 110-155. பட்டியல் சொல்வதைவிட ரன் சொல்வது இன்னும் மோசம். எங்கள் அணி நிஜமாகவே கடைசிதான், ஒத்துக்கொள்கிறேன்.

அன்று ராத்திரி 91-ஆவது ஆட்டம். முறைப்படி மஞ்சக்குப்பம், முத்தியால்பேட்டை. அவன் அணிக்கு அவன் உருட்டினான், என் அணிக்கு நான். 7-1, மஞ்சக்குப்பம் வெற்றி. அவன் பேசாமல் நோட்டை இழுத்து 19-12 என்றும் 12-19 என்றும் எழுதி, கூட்டி, பாதியாக்கி, என் அணியின் பின்னடைவை 8-லிருந்து 7 ஆக்கினான். அப்புறம் ஒரு வரி மேலே பார்த்து நிறுத்தினான். "மாமா, தேவனாம்பட்டினம் இன்னிக்கு ஆடவே இல்ல. ஆனா அவங்களும் அரை ஆட்டம் கிட்ட வந்துட்டாங்க."